ஒற்றைப்பையாரும் ஊரார் மூட்டைகளும்

மேடையின் நடுவில் அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட தலைவர் ஐயா அவர்களே! அவருக்கு இடப்பக்கம் வீற்றிருக்கும் செயலாளர், பல் மருத்துவர் அவர்களே! வலப்பக்கம் நனைந்த கைக்குட்டையோடு இருக்கும் பொருளாளர், வங்கிக் காசாளர் அவர்களே! முன்வரிசையில், மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணி அவர்களே! இந்த மாடிக் கூடத்தில் உட்கார இடமில்லாமல் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கும் ஒருபை வழிப்போக்கர் சங்கத்து அன்பர்களே! கனத்த நெஞ்சோடு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

நெஞ்சு மட்டுமா கனக்கிறது? என் கையில் இருக்கும் இந்த ஒற்றைத் தாளும் கனக்கிறது. இது உறுதிமொழி. செயலாளர் எழுதியது. நான் பேசி முடித்ததும் இதை வாசிக்க வேண்டும், நீங்கள் எழுந்து நின்று திருப்பிச் சொல்ல வேண்டும். என்ன எழுதியிருக்கிறது? மறைந்த நம் அண்ணன் வாழ்ந்த வீடு, இருந்தது இருந்தபடியே நினைவு இல்லம் ஆக்கப்படும். உள்ளே இருக்கும் ஒரு பொருளும் இடம் மாறாது. அண்ணி அவர்கள் தம் ஆயுள் முழுவதும் அதன் காப்பாளராக அங்கேயே இருப்பார்கள். தலைவர் ஐயா இதை முன்பே அறிவித்துவிட்டார், நீங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டிவிட்டீர்கள். இந்தத் தாளுக்குப் பிறகு வருகிறேன்.

இடையிடையே படிக்கட்டுப் பக்கம் எதையோ இழுத்து வைக்கும் சத்தம் கேட்கும். யாரும் பதற வேண்டாம். என்ன என்று நானே சொல்வேன். எழுந்து போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள், இனிமேல் அந்த வழியாகப் போகவும் முடியாது.

யார் நம் ஒற்றைப்பையார்? பெரிய படிப்பா? இல்லை. பெரிய வசதியா? அதுவும் இல்லை. ஊருக்கு வெளியே லாரிகளை எடை போடும் வேபிரிட்ஜில், நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து எடை பார்த்தவர். லாரிகள் வரும், மேடையில் ஏறி நிற்கும், எங்கெங்கோ போகும். இவர் மட்டும் அங்கேயே இருப்பார். "அந்தக் கூண்டு இருக்கே, அதுதான் என்னை ஊர் சுத்த வைச்சுது" என்று அவரே சொல்வார். நாலு நாள் விடுமுறை கிடைத்தால் போதும். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு மாற்றுச் சட்டை, ஒரு துண்டு, ஒரு சோப்பு. அவ்வளவுதான்!

முன்பதிவு என்ற சொல் அவர் வாயில் வந்ததுண்டா? தங்கும் விடுதி என்று ஒன்றை அவர் தேடியதுண்டா? ரயிலில் பொதுப் பெட்டியின் கதவோரம் நின்றே போவார். காத்திருப்பு அறையில் பையைத் தலைக்கு வைத்துத் தூங்குவார். குழாயடியில் சட்டையை அலசிப் பிழிந்து ஈரத்தோடு மாட்டிக்கொள்வார். "காயப் போட வேணாமாண்ணே?" என்று கேட்டால், "இந்த உடம்பு எதுக்கு இருக்கு? நடந்துகிட்டே இருந்தா தானா காயும்" என்பார். மலையைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், பாலைவனத்தின் ஓரம் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நம்மில் பலர் ஒரு கல்யாணத்துக்குப் போய் வரும் செலவில் அவர் பாதி உலகத்தையே சுற்றிவிட்டார் என்றால் அது மிகையே அல்ல!

எனக்கு அவர் எப்படிப் பழக்கம்? பேருந்து நிலையத்துக்கு எதிரே நான் பயணப் பெட்டிக் கடை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். ஒரு நாள், கடைக்குப் புதுமணத் தம்பதி ஒன்று வந்தது. கடையிலேயே பெரிய பெட்டியைக் காட்டி, ஏறக்குறைய பேசி முடித்துவிட்டேன். வாசலில் பேருந்துக்கு நின்ற ஒரு மனிதர் எட்டிப் பார்த்தார்.

"எத்தனை நாள்மா போறீங்க?"

"மூணு நாள்ங்க."

"மூணு நாளைக்கு இந்தப் பெட்டியா? இதுக்குள்ள உங்க மாமியாரையே உக்கார வைச்சு மூடலாமே!"

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் என் வியாபாரம் படுத்துவிட்டது. பை மாட்டும் கொக்கிக் கம்பைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனேன். மனிதர் அசையவே இல்லை. "கோச்சுக்காதீங்க தம்பி. நீங்க கடைசியா எங்க போய்ட்டு வந்தீங்க?" என்று கேட்டார். நின்று யோசித்தேன். சரக்கு எடுக்கப் போனதைத் தவிர நான் எங்கேயும் போனதில்லை! ஊரில் இருக்கிறவன் எல்லாம் பயணம் போகப் பெட்டி கொடுத்தவன், கல்லாவுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறேன். அடுத்த மாதம் அவரோடு கிளம்பினேன். இரண்டு கையும் சும்மா இருக்க, கையை வீசிக்கொண்டு ஒரு தெரியாத ஊரின் தெருவில் நடந்தேனே, அந்தச் சுகத்தை எனக்குக் காட்டியவர் யார்? அவர்தான்! என் வியாபாரத்தில் மண்ணைப் போட்ட அதே மனிதர்தான்!

அப்படித்தான் இந்தச் சங்கம் வந்தது. இந்த மேசையும் வந்தது. நாம் 'கழித்தல்' என்று சொல்லும் வழக்கமும் வந்தது. புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஊருக்குப் புறப்படும் உறுப்பினர் தன் பையை இந்த மேசையில் கொட்ட வேண்டும். சுற்றி நிற்பவர்கள் தேவையில்லாத பொருளைப் பார்த்து ஆளுக்கு ஒன்று எடுக்கலாம். போனவர் திரும்பி வந்து கேட்கும் வரை, எடுத்தவர் அதைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இதுதான் சட்டம்.

காசாளர் அவர்களே, நினைவிருக்கிறதா? கோவில் குளம் பார்க்கப் போகிறேன் என்று இஸ்திரிப் பெட்டியோடு வந்தீர்கள். "சாமி உங்க சட்டை மடிப்பையா பாக்கப் போவுது?" என்றார் அண்ணன். கூடமே சிரித்தது. பெட்டி கழிந்தது. கசங்கிய சட்டையோடு திரும்பி வந்து, என் வாழ்க்கையிலேயே இதுதான் நல்ல பயணம் என்று இதே இடத்தில் நின்று பேசினீர்கள். பல் மருத்துவர் அவர்களே, உங்கள் தலையணை போனது. தலைவர் ஐயா, உங்கள் வெந்நீர்க் குடுவை போனது. எனக்கு? நான் கொண்டுவந்த பெட்டியே போனது! என் கடையின் பெரிய பெட்டி, சக்கரம் வைத்தது. பூட்டுப் போட்டபடி அப்படியே போனது.

இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன். கழித்ததெல்லாம் எங்கே போனது?

எடுத்தவர் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். நாம் என்ன செய்தோம்? எடுப்போம், சிரிப்போம், பிறகு "நீங்களே வைச்சுக்குங்கண்ணே, எங்க வீட்ல இடம் ஏது" என்று அவர் கையில் கொடுத்துவிடுவோம். அவரும் வாங்கிக்கொள்வார். போனவர் திரும்பி வந்து கேட்டாரா? எப்படிக் கேட்பார்! கேட்டால் கௌரவம் என்ன ஆவது? அந்தத் தலையணை இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடாதா? அதனால் யாருமே கேட்கவில்லை. கடைக்குப் போய் வேறொரு தலையணை வாங்கிக்கொண்டோம், சத்தமில்லாமல்!

அண்ணன் மறைந்த அன்று காலை, அண்ணி எனக்கு ஆள் அனுப்பினார்கள். வேபிரிட்ஜுக்கு வந்துபோகும் லாரி ஓட்டுநர் ஒருவரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். தூங்கினவர் எழவில்லை. முகம் அமைதியாகத்தான் இருந்தது. நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. நம்மில் யாரையும் அவர் வாசல் தாண்டி அழைத்ததே இல்லை என்பதை யாராவது கவனித்தோமா?

கதவு பாதிதான் திறந்தது. பின்னால் யாருடையதோ மடக்குக் கட்டில். உள்ளே ஒருக்களித்துத்தான் போக முடிந்தது. குடைகள், போர்வைக் கட்டுகள், கொசுவலைகள், அடுப்புகள், ஒரு ஆர்மோனியம், போட்டோக்காரரின் முக்காலி ஸ்டாண்டு, கூரை வரை அடுக்கிய பெட்டிகள். நடுவில் ஒரு ஆள் நடக்கும் அளவுக்கு ஒரு சந்து. அந்தச் சந்தின் முடிவில் ஒரு பாய், பாயில் நம் அண்ணன். மூச்சு முட்டியது எனக்கு. அவரை எப்படி வெளியே கொண்டுவருவது? படுக்க வைத்துத் தூக்கினால் திரும்ப இடமில்லை. நிமிர்த்தித் தூக்க மனம் வரவில்லை. கடைசியில் லாரி ஓட்டுநர்தான் சொன்னார், "மொதல்ல சாமானை வெளியில எறக்குவோம்ணே. வேற வழி இல்லை." ஒன்றொன்றாகத் தெருவில் இறக்கி வைத்தோம். அன்பர்களே! ஒரே ஒரு பையோடு பாதி உலகத்தைச் சுற்றிய மனிதர், கடைசியாகத் தன் வீட்டை விட்டுப் போவதற்கு, நம்முடைய தலையணையும் இஸ்திரிப் பெட்டியும் வெளியே போகட்டும் என்று காத்துக் கிடந்தார்!

ஓட்டுநர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். "எங்க லோடைப் பாத்து, 'எதுக்குப்பா இவ்வளவு ஏத்துற, வண்டி பாவம்'னு சொல்லுவாரு. அவரு வீட்லயே இவ்வளவு லோடா? இது யாரு ஏத்துனது?" அந்தக் கேள்வியை அப்படியே உங்கள் முன் வைக்கிறேன். உங்களில் யார் பதில் சொல்கிறீர்கள்?

அண்ணி அந்தச் சாமான்களுக்கு நடுவில், தெருவில், ஒரு டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஆறுதல் சொல்லப் போனேன். அவர்கள்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னார்கள். அவர்கள் சொன்னபடியே சொல்கிறேன், அவர்கள் அனுமதியோடுதான்.

"இவரு ஊர் ஊரா போனாரே, ஊர் பாக்கவா தம்பி போனாரு? வீட்ல கால் நீட்ட எடமில்லாமதானே போனாரு! அவருக்குப் போக ஒரு வழி இருந்துச்சு, போனாரு. எனக்கு? யாராவது வந்து பொருளைக் கேட்டா எடுத்துக் கொடுக்க ஆள் வேணாமா? நான்தான் காவல். மலையடிவாரத்துல என் தங்கச்சி இருக்கா. அவ கல்யாணத்துக்குப் போனதுதான், அப்புறம் அவளைப் பாக்கலை. ஒவ்வொரு தடவையும் துணி எடுத்து வைப்பேன். 'போட்டோக்காரர் இன்னிக்கு ஊர்லேர்ந்து வர்றாரு, ஸ்டாண்டைக் கேட்டாருன்னா?' 'பல் டாக்டர் நாளைக்கு வர்றாரு, தலகாணியைக் கேட்டாருன்னா?' கேட்டாருன்னா, கேட்டாருன்னா! இந்த ஒத்தைச் சொல்லுல என் காலம் போச்சு. ஒருத்தரும் கேக்கலை."

"திருப்பிக் கொடுத்திருக்கலாமே அண்ணி?"

"சொல்லாமலா இருந்திருப்பேன்? 'கேக்காம கொண்டுபோய்க் கொடுத்தா, உன்னால இது இல்லாம முடியாதுன்னு அவன்கிட்ட சொன்ன மாதிரி ஆயிடும்டி. நான் எறக்கி வைச்ச சுமையை நானே எப்படித் தூக்கி வைப்பேன்?'ம்பாரு. அவருக்கு உங்க மேல அவ்வளவு பெருமை. அந்தப் பெருமையை அடுக்கி வைக்கத்தான் எனக்கு எடம் பத்தலை. அந்த ஜன்னல் இருக்குல்ல, அது வழியாத்தான் காத்து வரும். தெறந்து எவ்வளவு வருஷமாச்சு தெரியுமா? உங்க பெட்டிதான் தம்பி, சக்கரம் வைச்சது, அதை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

இரங்கல் கூட்டத்தில் இப்படியெல்லாம் பேசலாமா என்று தலைவர் ஐயா முகம் சுளிக்கிறார். பேசத்தான் வேண்டும் ஐயா! நான் அவரைக் குறை சொல்ல வரவில்லை. அந்த மனிதர்மேல் எனக்கு இருக்கும் அன்பு இந்தக் கூடத்தில் யாருக்கும் குறைந்ததில்லை. என் கோபம் எல்லாம் நம்மீதுதான். நாம் இலேசானோம், இலேசானோம் என்று மேடை போட்டுப் பேசினோமே, நம் சுமையெல்லாம் எங்கேயாவது கரைந்தா போனது? ஒரு பெண்மணியின் சுவாசத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இன்னும் ஒன்று கேளுங்கள். அண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு அவர் எங்கும் போகவில்லை, கவனித்தீர்களா? கண்ணாடிக் கூண்டிலிருந்து வெளியே வந்தவர் வீட்டிலேயே முழு நாளும் இருந்து பார்த்தார். அந்தச் சந்தில் நடந்து பார்த்தார். பாயில் கிடந்து, திறக்காத ஜன்னலைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கே உறைத்தது. போன வாரம் ஒரு மாலை, தன் பையை எடுத்து உதறி, அண்ணியின் கையில் கொடுத்தாராம். "நீ போய்ட்டு வா. நான் காவல் இருக்கேன்" என்றாராம். அண்ணி எடுத்து வைக்க வைக்க, தன் கையாலேயே கழித்தாராம். "தங்கச்சி வீட்ல சீப்பு இருக்காதா? எடு. மூணாவது துணி எதுக்கு? எடு." இருவரும் சிரித்தார்களாம். "சாவிக்கொத்தைக் காலையில கெளம்பறப்ப என் கையில கொடுத்துட்டுப் போ" என்று சொல்லிவிட்டுப் படுத்தாராம்.

காலையில் வாங்கிக்கொள்ள அவர் எழவில்லை.

அன்பர்களே, நம் நினைவு இல்லத் தீர்மானம் அண்ணியின் காதுக்கு எட்டியதும் என் கடைக்கே வந்தார்கள். கடை வாசலில் நின்றபடி கேட்டார்கள். "ஆயுசு முழுக்கன்னு எழுதியிருக்காங்களாமே தம்பி. அவரு இருந்தப்பவாவது என்னிக்காச்சும் ஒரு நாள் போயிடலாம்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன். இப்ப அதுக்கும் பூட்டா? இதை மட்டும் நடக்க விடாதீங்க." இவ்வளவுதான் கேட்டார்கள். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்! இந்தப் பக்கம் சங்கம் கொடுத்த தாள். அந்தப் பக்கம் அண்ணி. நடுவில் நான், துணைத் தலைவன், எந்தப் பக்கமும் நகர முடியாமல்.

தலைவர் ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தாளை நான் வாசிக்கப் போவதில்லை. மடித்து என் பையில் வைத்துக்கொள்கிறேன். வேண்டுமானால் அடுத்த கூட்டத்தில் என் பதவியைக் கழித்துவிடுங்கள்.

படிக்கட்டுச் சத்தம் நின்றுவிட்டது, கேட்டீர்களா? முடிந்துவிட்டது என்று பொருள். அந்த ஓட்டுநர் தம்பி, நான் கேட்டுக்கொண்டபடி, அன்று திரும்ப உள்ளே அடுக்கிய சாமான் உட்பட வீட்டில் இருந்த எல்லாவற்றையும் லாரியில் ஏற்றி, வேபிரிட்ஜில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறார். எடை எவ்வளவு என்று என்னிடம் சொன்னார். உங்களிடம் சொல்ல மாட்டேன், துக்கத்துக்கு வந்தவர்களை ஓரளவுக்கு மேல் வருத்தக் கூடாது. அதெல்லாம் இப்போது நம் மாடிப்படியில், மேல்படி முதல் தெருவாசல் வரை, ஒரு எறும்பு இறங்க வழியில்லாமல் அடுக்கப்பட்டிருக்கிறது. ஆம், நாம் இந்தக் கூடத்தில் அடைபட்டிருக்கிறோம்! காசாளர் ஐயா, எழுந்திருக்காதீர்கள், வேறு வாசல் கிடையாது. ஜன்னலா? கம்பி போட்டது. ஒரு அரை மணி நேரத்துக்கே வியர்க்கிறதே! அண்ணி அங்கே எத்தனை கோடைகளைக் கழித்திருப்பார்கள்?

அண்ணி, நீங்கள் மேடைக்கு வாருங்கள். உங்களுக்குப் பேருந்து சாயங்காலம். சங்கத்து வழக்கப்படி பையை மேசையில் வையுங்கள்.

எல்லோரும் பாருங்கள். இரண்டு மாற்றுத் துணி. மாத்திரை. மூக்குக் கண்ணாடி. தங்கைக்கு ஒரு சின்னப் பொட்டலம், அதை யாரும் பிரிக்க வேண்டாம். அப்புறம் இது. வாசல் சாவி, உள்ளறைச் சாவி, பீரோ சாவி, நம் பெட்டிகளின் சாவிகள் எல்லாம் கோத்த கொத்து. தூக்கிப் பார்க்கிறேன். மற்றதெல்லாம் சேர்ந்தாலும் இவ்வளவு கனம் வராது.

அண்ணன் இருந்தால் இதைத்தான் எடுத்திருப்பார். அவர் எடுக்க வேண்டியதை நான் எடுத்துக்கொள்கிறேன். இதை இன்னொருவர் கையில் தள்ளிவிட மாட்டேன். அண்ணி, நீங்கள் திரும்பி வந்து கேட்டால் தருவேன். காலி வீடு, திறந்த ஜன்னல், தினம் நானே போய்ப் பெருக்கி வைக்கிறேன். நீங்கள் வராமலே இருந்துவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்டு இங்கிருந்து ஒரு ஆளும் வர மாட்டான். இது என் வாக்கு.

அன்பர்களே! மறைந்தவருக்கு மௌன அஞ்சலி செலுத்துவது எல்லோரும் செய்வது. நாம் சும்மா நிற்க வேண்டாம். எல்லோரும் எழுந்திருங்கள். வலது கையை நீட்டுங்கள். உயர்த்த வேண்டாம், கீழே நீட்டுங்கள், படிக்கட்டுப் பக்கம். உங்கள் பொருள் எது என்று உங்களுக்குத் தெரியும். எடுங்கள். தலைவர் ஐயா, உங்கள் குடுவை மேல்படியிலேயே இருக்கிறது. பல் மருத்துவர் அவர்களே, தலையணையைத் தலையில் வைத்துக்கொண்டாலும் சரி. ஆளுக்கு ஒன்றாகச் சுமந்துகொண்டு இறங்குங்கள். ஒற்றைப்பையாரின் பணியை நாம் தொடர்வோம் என்றால், இதிலிருந்துதான் தொடர வேண்டும்.

மேல்படியில், எல்லாவற்றுக்கும் முன்னால் வழியை மறித்துக்கொண்டு நிற்பது அந்தச் சக்கரம் வைத்த பெட்டி. அதை யாரும் தொட வேண்டாம், அது என்னுடையது. நான் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறேன். வழி விடுங்கள், அண்ணி இறங்க வேண்டும்.